பாஸ்டன்காரர்களின் முடியாத வழக்கு



பேஸ்பாலைப் பற்றித் தமிழில் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆட்டத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. ஓர் அணிக்கு ஆள் சேர்க்கவும் ஆளை அனுப்பவும் அதிகாரம் பெற்றவர் ஒருவர் இருக்கிறார். அவர் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஊரே கூடி விசாரிக்கிறது. அந்த விசாரணையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. வட அமெரிக்காவின் பெரிய லீகில் 30 அணிகள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் இந்த வழக்கு நடக்கிறது. நான் எடுத்துக்கொண்டிருப்பது பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியை. காரணம், அந்த ஊர்க்காரர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். நூறு வருடத்துக்கு முந்தைய விற்பனை ஒன்றை நேற்றுச் சாயங்காலம் நடந்தது மாதிரி பேசுவார்கள்.

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். அங்கே மேனேஜர் வேறு, ஜெனரல் மேனேஜர் வேறு. ஆட்ட நாளன்று களத்தோரம் இருந்துகொண்டு யாரை முதலில் மட்டை பிடிக்க அனுப்புவது, களைத்துப்போன பிட்சரை, அதாவது பந்துவீச்சாளரை, எப்போது வெளியே எடுப்பது என்று முடிவெடுப்பவர் மேனேஜர். அந்த அணியில் யார் யார் இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் ஜெனரல் மேனேஜர். ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். ஏலத்தில் பணம் பேசும். பேஸ்பாலில் பெருமளவு நடப்பது பண்டமாற்று: உன் நட்சத்திரத்தைக் கொடு, கீழ்நிலை லீகில் வளர்ந்துவரும் என் பையன்கள் இரண்டு பேரைத் தருகிறேன். இதை டிரேட் என்கிறார்கள். பெரும்பாலும் வீரரின் சம்மதம் தேவையில்லை. சீசன் பாதி ஓடியபிறகும், இப்போதெல்லாம் ஏறக்குறைய ஜூலை மாதக் கடைசிவரை இது நடக்கும். பெரிய லீகில் ஆறு சீசன் அளவுக்கு ஆடி முடித்தவர், ஒப்பந்தம் தீர்ந்ததும் சுதந்திரமாகிவிடுவார். ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். அதன்பிறகு அவருக்குப் பிடித்த அணிக்குப் போகலாம், பழைய அணிக்கு ஒரு காசு ஈடு கிடைக்காவிட்டாலும் போகலாம். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய சண்டையில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

அந்த நூறு வருடத்துக்கு முந்தைய விற்பனை பேப் ரூத்துடையது. 1919 டிசம்பரில் ரெட் சாக்ஸ் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு 1 லட்சம் டாலருக்கு விற்றார். அந்த வருடம் ரூத் 29 ஹோம் ரன் அடித்திருந்தார். அதுவரை ஒரு சீசனில் யாரும் அவ்வளவு அடித்ததில்லை. பாஸ்டன் அதற்குள் ஐந்து முறை வேர்ல்ட் சீரீஸ் எனும் சாம்பியன் பட்டத் தொடரை வென்றிருந்தது, யாங்கீஸ் ஒருமுறைகூட வெல்லவில்லை. அதன்பிறகு பாஸ்டன் வெல்ல 2004 வரை காத்திருந்தது. ஃப்ரேஸி ஒரு நாடகத் தயாரிப்பாளர். நாடகம் போடக் காசு வேண்டும் என்று ரூத்தை விற்றார், அதனால் சாபம் விழுந்தது என்பது ஊர்க்கதை. கதையில் வரும் ‘நோ, நோ, நானெட்’ என்ற இசைநாடகம் 1925-இல்தான் நியூயார்க்கில் மேடையேறியது. நாள்கணக்கு இடிக்கிறது. ரூத் அப்போது ஒப்பந்தத்தில் இருந்த சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு கேட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதையும், விற்பனைச் செய்தி வந்த அன்று பாஸ்டனில் எல்லாரும் ஒரே குரலில் கொதித்தெழவில்லை என்பதையும் ஊர்க்கதை மறந்துவிட்டது. சாபக்கதையை ஓரமாக வைத்துவிடுவோம். ஆனால் ரூத்தை விற்றவர் அணியின் உரிமையாளர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது நடுவில் நிறுத்தி ஏச ஜெனரல் மேனேஜர் என்று ஒருவர் இல்லை.

அடுத்தது 1990 ஆகஸ்ட் மாதக் கடைசி. ரெட் சாக்ஸ் தன் பிரிவில் முன்னணியில் இருக்கிறது, டொராண்டோ துரத்திக்கொண்டு வருகிறது. கடைசி இன்னிங்ஸ்களில் வந்து வீச நம்பகமான ஒரு பிட்சர் வேண்டும். ஜெனரல் மேனேஜர் லூ கோர்மன், ஹூஸ்டனிடமிருந்து லாரி ஆண்டர்சன் என்ற 37 வயதுக்காரரை வாங்கினார். ஈடாகக் கீழ்நிலை லீகில் மூன்றாம் பேஸில் ஆடிக்கொண்டிருந்த ஜெஃப் பாக்வெல் என்ற பையனைக் கொடுத்தார். பாஸ்டனில் பிறந்த பையன். ஆண்டர்சன் சொன்ன வேலையைச் செய்தார்: 22 இன்னிங்ஸ் வீசி மூன்றே மூன்று ரன் கணக்கில் விட்டுக்கொடுத்தார். பாஸ்டன் இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் டொராண்டோவை முந்திப் பிரிவை வென்றது. பிறகு ஓக்லாந்திடம் நான்கு ஆட்டமும் தோற்றது. ஆண்டர்சன் அந்தக் குளிர்காலமே வேறு அணிக்குப் போய்விட்டார். பாக்வெல் 1991-இல் லீகின் சிறந்த புதுமுகம், 1994-இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர், மொத்தம் 449 ஹோம் ரன், 2017-இல் புகழ் மண்டபம்.

பாஸ்டனில் இதற்குப்பிறகு பாக்வெல் என்றாலே ஏமாந்த வியாபாரம் என்று ஆகிவிட்டது. கோர்மன் சாகும்வரை இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. ஆனால் அந்த ஆகஸ்ட் மாதத்தில் போய் நின்று பார்த்தால் காட்சி வேறு. பாக்வெல் அந்த சீசன் முழுவதும் அடித்த ஹோம் ரன் நான்கு. மட்டைச் சராசரி 0.333 என்பது நல்ல எண்தான், ஆனால் பலம் தெரியவில்லை. அவர் ஆடும் மூன்றாம் பேஸில் பெரிய அணியில் நின்றவர் வேட் பாக்ஸ், அன்றைக்கு அமெரிக்காவின் தலைசிறந்த மட்டைக்காரர்களில் ஒருவர். பாக்ஸுக்குப் பின்னால் வரிசையில் வேறு இளைஞர்களும் காத்திருந்தார்கள். உபரியாகத் தெரிந்ததைக் கொடுத்து அவசரமாகத் தேவைப்பட்டதை வாங்கினார் கோர்மன். விலை கூடுதல் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒரு மாத வேலைக்கு வருகிற கிழவருக்கு நல்ல பையன் ஒருவனைத் தரலாமா என்று கேட்டிருக்கலாம். மடத்தனம் என்று சொல்ல முடியாது. பலனைக் கையில் வைத்துக்கொண்டு முடிவை எடைபோடுவது, இருபது வருடம் குடும்பம் நடத்திச் சண்டை வந்தபிறகு அன்றைக்கு ஜாதகம் பார்த்தவரைத் தேடிப் போவதற்குச் சமம்.

பாஸ்டன்காரர்கள் இன்னொன்றையும் வசதியாக மறப்பார்கள். 1997 ஜூலை 31 அன்று, ஹீத்கிளிஃப் ஸ்லோகம் என்ற தடுமாறிக்கொண்டிருந்த பிட்சரை சியாட்டிலுக்குத் தள்ளிவிட்டு ஜேசன் வாரிடெக், டெரெக் லோ என்ற இரண்டு இளைஞர்களை வாங்கினார் அப்போதைய ஜெனரல் மேனேஜர் டான் டுகெட். வாரிடெக் பின்னாளில் அணித்தலைவர். லோ, 2004 இறுதிக்கட்டத்தில் மூன்று தொடரிலும் முடிவாட்டத்தின் வெற்றியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர். பாக்வெலைப் பற்றிப் புலம்புகிற அளவுக்கு ஸ்லோகமை நினைத்து யாரும் சிரித்து மகிழ்வதில்லை. ரசிக மனம் இழப்பைத்தான் பேரேட்டில் ஏற்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு ரசிகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கான்சாஸ் மாநிலத்தில், பீன்ஸை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டிருந்தவர் பில் ஜேம்ஸ். எந்த அணியிலும் வேலை பார்த்ததில்லை, எந்தப் பத்திரிகையிலும் நிருபர் இல்லை. இரவு நேரத்தில் ஆட்டக் கணக்குகளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். 1977-இல் தன் கணக்குகளைத் தானே அச்சடித்து விற்றார். நூறு பிரதிகூடப் போகவில்லை.

அவருடைய வாதம் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம், பின்னால் உதவும். தடுப்பாட்டக்காரர் ஒருவர் நல்லவரா என்று அதுவரை எப்படிக் கணித்தார்கள்? எத்தனை பிழை செய்தார் என்று எண்ணினார்கள். பந்து கைக்கு வந்து நழுவினால் பிழை, தப்பாக எறிந்தால் பிழை. ஜேம்ஸ் கேட்டார்: பந்து இருக்கும் இடத்துக்கே போய்ச் சேராதவர் கணக்கில் என்ன எழுதுகிறீர்கள்? ஒன்றும் எழுதுவதில்லை. இரண்டடி தள்ளிப்போகிற பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்பவருக்குப் பிழையே கிடையாது. பாய்ந்து போய்த் தொட்டு நழுவவிட்டவருக்குத்தான் பிழை. ஆகவே பிழையை எண்ணாதே, எத்தனை பந்தை எட்டிப்பிடித்து ஆளை வெளியேற்றினார் என்று எண்ணு என்றார். தெருமுனையில் நின்று பேசுகிற ரசிகனுக்குத் தோன்றக்கூடிய கேள்விதான். ஆனால் நூறு வருடமாக அதைத் தொழில்முறைக்காரர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை.

2002-இல் ரெட் சாக்ஸை வாங்கிய ஜான் ஹென்றி, பண்டகச் சந்தையில் எண்களை நம்பி வியாபாரம் செய்து பணக்காரரானவர். அதே வருடக் கடைசியில் பில் ஜேம்ஸை அணியின் ஆலோசகராக எடுத்துக்கொண்டார்கள். அந்த வருட நவம்பரில் தியோ எப்ஸ்டீன் என்ற 28 வயது இளைஞரை ஜெனரல் மேனேஜர் ஆக்கினார்கள். அதுவரை அந்தப் பதவிக்கு வந்தவர்களில் அவர்தான் இளையவர். ஃபென்வே பார்க் மைதானத்துக்குப் பக்கத்திலேயே, ப்ரூக்லைனில் வளர்ந்தவர். சின்ன வயதில் பாஸ்டன் தோற்றதற்காக அழுத கூட்டத்தில் ஒருவர். ரசிகர்கள் இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருந்தவர்கள் அவர்களை நிம்மதியாக விட்டார்களா? அதுதான் இல்லை.

நொமார் கார்சியபாரா பாஸ்டனின் செல்லப்பிள்ளை. ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவர். வலதுகைக்காரர்கள் அடிக்கும் பந்து அதிகம் பாய்கிற இடம் அது. 1997-இல் சிறந்த புதுமுகம். 1999, 2000 இரண்டு வருடமும் அமெரிக்கன் லீகின் மட்டைச் சராசரிப் பட்டம் அவருக்கு. 2000-இல் அவர் சராசரி 0.372. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இரண்டு கையுறைகளையும் மாற்றி மாற்றி இழுத்துவிட்டுக்கொள்வார், கால் விரலைத் தரையில் தட்டிக்கொண்டே இருப்பார். நியூ இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் வளர்ந்த சிறுவர்கள் எல்லாரும் தெருவில் அப்படித்தான் மட்டை பிடித்தார்கள்.

2003 டிசம்பரில் அணி அலெக்ஸ் ரோட்ரிகஸை வாங்க முயன்றது. அது நடந்திருந்தால் கார்சியபாராவை சிகாகோவுக்கு அனுப்பியிருப்பார்கள். வீரர்கள் சங்கம் சம்பளக் குறைப்பை ஒப்புக்கொள்ளாததால் பேரம் முறிந்தது. ஆனால் தன்னை விலைபேசினார்கள் என்பது கார்சியபாராவுக்குத் தெரிந்துபோயிற்று. அவர் ஒப்பந்தம் 2004 சீசனோடு முடிகிறது. காலில் காயம் வேறு. ஜூலை 1 அன்று நியூயார்க்கில் ஓர் ஆட்டம், 13 இன்னிங்ஸ் போனது. யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர் பந்தைப் பிடித்த வேகத்தில் பார்வையாளர் இருக்கைகளுக்குள் தலைகுப்புற விழுந்து, முகத்தில் ரத்தத்தோடு எழுந்து வந்தார். எதிர்ப்பக்கம் பெஞ்சில் கார்சியபாரா ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு காட்சியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்காத பாஸ்டன்காரர் கிடையாது.

ஜூலை 31 அன்று எப்ஸ்டீன் அவரை அனுப்பிவிட்டார். நான்கு அணிகள் சம்பந்தப்பட்ட பேரம். கார்சியபாரா சிகாகோ கப்ஸுக்கு. பாஸ்டனுக்குக் கிடைத்தவர்கள் மான்ட்ரியலிலிருந்து ஒர்லாண்டோ கப்ரேரா, மினசோட்டாவிலிருந்து டக் மிண்ட்கேவிச். பெயர்களைப் பார்த்து ஊர் சிரித்தது, பிறகு கொதித்தது. இருவரும் தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரர்கள், மட்டையில் சுமார். ரெட் சாக்ஸ் அன்றைக்கு மினசோட்டாவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. மிண்ட்கேவிச் தன் பையைத் தூக்கிக்கொண்டு அதே அரங்கில் ஓர் உடைமாற்று அறையிலிருந்து மற்றதற்கு நடந்துபோனார். இதே நாளில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டேவ் ராபர்ட்ஸ் என்ற ஓட்டக்காரரையும் வாங்கினார்கள். அவருக்கு ஈடாகப் போன இளைஞர் பெரிய லீகில் ஒரு நாள்கூட ஆடவில்லை. ராபர்ட்ஸ் வந்ததை அன்றைக்கு யாரும் கவனிக்கவே இல்லை.

எப்ஸ்டீனின் வாதம் பில் ஜேம்ஸின் அந்தப் பழைய கேள்விதான். கார்சியபாரா இன்னும் நன்றாக மட்டை வீசுகிறார், ஆனால் அடிபட்ட காலோடு பந்தை எட்டுவதில்லை. அணியின் குறை தடுப்பாட்டம். அதைச் சரிசெய்யாமல் அக்டோபருக்குப் போனால் அந்தக் குறையே கொல்லும். இன்னும் இரண்டு மாதத்தில் அவர் எப்படியும் ஃப்ரீ ஏஜென்ட்.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அணி 98 ஆட்டம் வென்றது. யாங்கீஸுக்கு எதிரான லீக் இறுதித் தொடரில் முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றது. நான்காவது ஆட்டம், அக்டோபர் 17, ஃபென்வே பார்க். ஒன்பதாவது இன்னிங்ஸ், பாஸ்டன் 3, யாங்கீஸ் 4. வீசுகிறவர் மரியானோ ரிவேரா, கடைசி இன்னிங்ஸில் அவரைத் தாண்டி யாரும் போவதில்லை என்று பெயர் பெற்றவர். கெவின் மில்லர் நான்கு தவறான பந்தால் முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஓட ராபர்ட்ஸ் வந்தார். அவர் இரண்டாம் பேஸைத் திருடப்போகிறார், அதாவது பந்து வீசப்படும்போதே அங்கே ஓடிவிடப்போகிறார் என்று அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து அவரைத் திரும்ப ஓடவைத்தார். மட்டைக்காரருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் கிளம்பிவிட்டார். எறிந்த பந்து நன்றாகத்தான் வந்தது. ஜீட்டரின் கையுறை இறங்குவதற்கு ஒரு நொடிப்பொழுது முன்னால் ராபர்ட்ஸின் கை பேஸைத் தொட்டது. பில் முல்லரின் அடியில் அவர் ஓடிவந்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில், நள்ளிரவு தாண்டி, டேவிட் ஓர்டீஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். (ஓர்டீஸும் ஒரு விநோதம்: 2002 டிசம்பரில் மினசோட்டா வேண்டாம் என்று விட்டுவிட்டவரை, ஒரு மாதம் கழித்து எப்ஸ்டீன் 12.5 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டார்.) அடுத்த மூன்று ஆட்டமும் பாஸ்டன். வேர்ல்ட் சீரீஸில் நான்குக்கு நான்கு. 86 வருடக் காத்திருப்பு தீர்ந்தது.

அப்படியானால் எப்ஸ்டீன் செய்தது சரி, ரசிகர்கள் தப்பு என்று சொல்லிவிடலாமா? கோப்பையைக் காட்டி அப்படிச் சொன்னால், பாக்வெல் விஷயத்தில் இப்போதுதான் சொன்னதற்கு நானே விரோதமாகப் பேசியவனாவேன். ஜீட்டரின் கை இமைப்பொழுது முந்தியிருந்தால் பாஸ்டன் நான்கு ஆட்டமும் தோற்று வீட்டுக்குப் போயிருக்கும். கப்ரேராவுக்காக நொமாரைக் கொடுத்த மூடன் என்று எப்ஸ்டீனை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருப்பார்கள். கோப்பை இல்லாமலே அந்த முடிவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கிறது. போகப்போகிறவர், கால் சரியில்லாதவர், அணிக்கு வேண்டியது வேறு. அன்றைய தேதியில், தெரிந்ததை வைத்து, அது சரியான முடிவு. பயமில்லாத முடிவும்கூட.

ஆனால் ரசிகர்களின் கோபமும் தப்பில்லை. எப்ஸ்டீன் சம்பளம் வாங்கிக்கொண்டு உணர்ச்சியை ஒதுக்கிவைக்கிறார். ரசிகன் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறான். எட்டு வருடம் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டையை வாங்கிப் போட்டிருக்கிறான். அவன் எதற்காகக் கணக்குப் பார்க்க வேண்டும்? 2010-இல் கார்சியபாரா ஓய்வு பெற்றபோது, ஒரே நாள் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டு ரெட் சாக்ஸ் வீரராகவே விடைபெற்றார். அந்த ஒரு நாள் எந்தக் கணக்கிலும் சேராது.

எப்ஸ்டீன் காலத்து மற்ற வியாபாரங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 2005-இல் அவர் அணி மேலிடத்தோடு பிணங்கிச் சிறிது காலம் வெளியேறியிருந்தபோது (ஹாலோவீன் நாள் என்பதால் நிருபர்களுக்குத் தப்பக் கொரில்லா வேஷம் போட்டுக்கொண்டு ஃபென்வேயிலிருந்து வெளியே வந்தார்) ஹான்லி ராமிரெஸ் என்ற பையனைக் கொடுத்து ஜாஷ் பெக்கெட்டை வாங்கினார்கள். அந்தப் பேரத்தில் மைக் லோவல் என்பவரைச் சுமையாக ஏற்றிவிட்டார்கள். அவர் சம்பளத்தையும் நீங்களே கட்டுங்கள் என்று. ராமிரெஸ் மறுவருடமே சிறந்த புதுமுகம். பெக்கெட் 2007-இல் 20 ஆட்டம் வென்றார், சுமை என்று வந்த லோவல் அந்த வருட வேர்ல்ட் சீரீஸின் சிறந்த ஆட்டக்காரர். இரண்டு பக்கமும் லாபமடைந்த வியாபாரம் என்பதால் அதைப் பற்றி யாரும் அதிகம் சண்டை போடுவதில்லை. 2010 டிசம்பரில் கார்ல் கிராஃபோர்டுக்கு ஏழு வருடத்துக்கு 14.2 கோடி டாலர் கொடுத்ததும் எப்ஸ்டீன்தான். அது படுதோல்வி. வாங்கியபோது கைதட்டியவர்களில் நிறையப் பேர் ரசிகர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி என் பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். பில் ஜேம்ஸும் அவருக்குப்பின் வந்தவர்களும் ரசிகர்களுக்கு ஒரு மொழியைக் கொடுத்தார்கள். யார் நல்ல ஆட்டக்காரர் என்று கண்டுபிடிக்க வந்த மொழி. 2003-இல் மைக்கேல் லூயிஸின் ‘மணிபால்’ புத்தகம் வந்தபிறகு, பணமில்லாத ஓக்லாந்து அணி பணக்கார அணிகளோடு எப்படிப் போட்டி போட்டது என்ற கதை ஊரெல்லாம் பரவியது. இருபது வருடத்தில் அந்த மொழி திரிந்துவிட்டது. யார் நல்லவர் என்ற கேள்வி, யார் மலிவு என்ற கேள்வியாகிவிட்டது. இன்றைக்கு ஒரு டிரேட் நடந்தால் ரசிகர்களே எழுந்து, அவருக்கு முப்பது வயதாகப்போகிறது, அவ்வளவு சம்பளம் கட்டுப்படியாகாது, எதிர்காலத்தில் வளைந்துகொடுக்க இடம் வேண்டும் என்று பேசுகிறார்கள். யாருக்குக் கட்டுப்படியாகாது? ரசிகன் பாக்கெட்டிலிருந்தா கொடுக்கிறான்? கோடீஸ்வர உரிமையாளருக்குக் கூலியில்லாத கணக்குப்பிள்ளையாக ரசிகன் மாறிவிட்ட காலம் இது. பேஸ்பாலுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்குச் சாட்சி மூக்கி பெட்ஸ். ரெட் சாக்ஸே 2011-இல் ஐந்தாவது சுற்றில் தேர்ந்தெடுத்து வளர்த்த பையன். 2018-இல் மட்டைச் சராசரி 0.346, லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, அணி 108 வெற்றி, வேர்ல்ட் சீரீஸ். அந்த அணியைக் கட்டிய டேவ் டோம்ப்ராவ்ஸ்கியைக் கோப்பை வென்று ஒரு வருடம் முடிவதற்குள், 2019 செப்டம்பரில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்த மாதமே ஜான் ஹென்றி, அடுத்த வருடம் சம்பளப் பட்டியலை, மீறினால் அணி ஆடம்பர வரி கட்ட வேண்டிய வரம்புக்குக் கீழே, அதாவது 20.8 கோடி டாலருக்குக் கீழே கொண்டுவர விரும்புவதாகச் சொன்னார். அக்டோபரில் டோம்ப்ராவ்ஸ்கியின் இடத்துக்கு ஹைம் ப்ளூம் வந்தார். எங்கிருந்து? குறைந்த செலவில் அணி நடத்துவதற்குப் பெயர்பெற்ற டம்பா பேயிலிருந்து. 2020 பிப்ரவரியில் பெட்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார். அப்போது அவருக்கு 27 வயது. ஈடாக வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங்.

ப்ளூமை ஆதரித்தவர்கள் சொன்ன வாதம் கார்சியபாராவுக்குச் சொன்ன அதே வாதம்: இன்னும் ஒரு சீசனில் ஃப்ரீ ஏஜென்ட், பாஸ்டன் கொடுத்த தொகைகளுக்கு ஒப்புக்கொள்ளவில்லை, சும்மா போகவிடுவதற்குப் பதில் எதையாவது வாங்கிக்கொள்ளலாம். கேட்க ஒன்றுபோல இருக்கிறது. ஒரு சின்னச் சங்கதியைப் பாருங்கள். பெட்ஸோடு டேவிட் பிரைஸ் என்ற பிட்சரையும் சேர்த்து அனுப்பினார்கள். பிரைஸின் ஒப்பந்தத்தில் 9.6 கோடி டாலர் பாக்கி இருந்தது. அதில் பாதியை டாட்ஜர்ஸ் ஏற்றுக்கொண்டது. தன் தலையில் இருந்த கடனை இறக்க வேண்டும் என்பவனுக்குப் பண்டத்தின் முழு விலை எப்படிக் கிடைக்கும்? எப்ஸ்டீன் கார்சியபாராவைக் கொடுத்தது அந்த வருடமே வெல்வதற்கு. பெட்ஸைக் கொடுத்தது ஒரு வரியை மிச்சப்படுத்துவதற்கு. 2002-இல் சுமார் 70 கோடி டாலருக்கு வாங்கிய அணியை, அந்தச் சமயத்தில் ஃபோர்ப்ஸ் இதழ் 300 கோடிக்கு மேல் மதிப்பிட்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதம் கழித்து பெட்ஸ் டாட்ஜர்ஸோடு 12 வருடத்துக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கொரோனாவால் சந்தை குழம்பியிருந்தது, அதனால்தான் ஒப்புக்கொண்டார் என்பார்கள். இருக்கலாம். கையெழுத்துப் போடவே மாட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்த வாதத்தைச் சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டார்கள்.

இப்போதும் நான் பலனை வைத்துப் பேசவில்லை. செய்தி வந்த நாளிலேயே பாஸ்டனில் எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்த எதிர்ப்பில் பாசமும் இருந்தது, கணக்கும் இருந்தது. இளம் வயது, காயமில்லாத உடம்பு, எல்லாத் துறையிலும் கெட்டிக்காரர், பணத்துக்குக் குறைவில்லாத அணி. இவரை வைத்துக்கொள்ள முடியாது என்றால் வேறு யாரை வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அவர்கள் செய்த ஒரே பிசகு, கேள்வியை ப்ளூமிடம் கேட்டுக்கொண்டிருந்ததுதான். வானொலியில் திட்டு வாங்கியவர் ப்ளூம், செய்தியாளர் முன்னால் நின்று விளக்கம் சொன்னவர் ப்ளூம். ஜெனரல் மேனேஜர் என்ற பதவிக்கு இருக்கிற எழுதப்படாத வேலைகளில் ஒன்று, முதலாளிக்கு முன்னால் நிற்பது. ஃப்ரேஸிக்கு அப்படி ஒருவர் இல்லாததால்தான் நூறு வருடமாக அவர் பெயர் அடிபடுகிறது.

ரசிகர்களுக்கு இது புரியக் கொஞ்சக் காலம் ஆயிற்று. 2023 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் அணி நடத்திய ரசிகர் விழாவில் ஹென்றி மேடைக்கு வந்தபோது கூட்டம் கூச்சல் போட்டது. அதற்குச் சற்று முன்னால்தான் ரஃபேல் டெவர்ஸ் என்ற வீரருக்கு 31 கோடி டாலருக்கு மேல் நீண்ட ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். கூட்டம் அதற்கும் அடங்கவில்லை. அந்த டெவர்ஸையும் 2025 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் அணி நிர்வாகத்தோடு அவருக்கு இருந்த மனக்கசப்பும் சேர்ந்திருக்கிறது, அது தனிக் கதை.

எனவே வழக்கில் என் தீர்ப்பைச் சொல்கிறேன். பாக்வெல் விஷயத்தில் கோர்மனை விடுதலை செய்கிறேன், கூடுதல் விலை கொடுத்ததற்குச் சின்ன அபராதத்தோடு. கார்சியபாரா விஷயத்தில் இரண்டு தரப்பும் சரி. பெட்ஸ் விஷயத்தில் ரசிகர்கள் சொன்னதே சரி, குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய ஆள்தான் தப்பு.

டவுன்ஸ் பாஸ்டனுக்காக 14 ஆட்டம் ஆடினார், 2022 டிசம்பரில் விடுவிக்கப்பட்டார். வெர்டூகோவை மறுவருட டிசம்பரில் யாங்கீஸுக்கே கொடுத்துவிட்டார்கள். வாங் மட்டும் 2025-இலும் அங்கே இருந்தார். ப்ளூமை 2023 செப்டம்பரில் நீக்கினார்கள். பெட்ஸ் டாட்ஜர்ஸோடு 2020, 2024, 2025 என்று மூன்று வேர்ல்ட் சீரீஸ் வென்றுவிட்டார். மூன்றிலும் அவருடைய மேனேஜர், அந்த அக்டோபர் இரவில் பாஸ்டனுக்காக இரண்டாம் பேஸைத் திருடிய டேவ் ராபர்ட்ஸ். ஜான் ஹென்றி ரெட் சாக்ஸின் உரிமையாளராகவே இருக்கிறார். இந்தச் சண்டைகளைக் காலைதோறும் அச்சிட்டு விற்கும் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழும் 2013 முதல் அவருடையதுதான்.